அறுந்த வேலிக் கம்பியைப் பொருத்தும் முறை

ஐப்பசி மழையோடு காலபோக விதைப்பு முடிந்ததும் வன்னிக் கிராமங்களில் மாட்டு வழக்குகளும் ஆரம்பித்துவிடும். அறுவடை முடிந்த நாள் தொட்டு வெறும் வயலில் விருப்பம்போல் மேய்ந்து திரிந்த மாட்டுக்கு, இன்று அங்கே நெல் முளைத்திருக்கிறது என்பதோ, அது அடுத்த வளவுக்காரரின் நெல் என்பதோ தெரியாது. ஓரிரவில் நாலு மாடுகள் இளம்பயிருக்குள் இறங்கினால் அந்த வருடம் முழுவதும் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் இருக்கும். மாட்டைப் பிடித்துக் கட்டுவதும், நட்டஈடு கேட்பதும், சில இடங்களில் மாட்டுக்கு வெட்டு விழுவதும் நாம் அறிந்தவையே.

விடிந்ததும் வேலி வழியே நடந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். தூண்கள் நிற்கும். கம்பியும் நல்ல கம்பியாகவே இருக்கும். முன்பு ஒருமுறை அறுந்து பொருத்திய இடம் மாத்திரம் கழன்று, அங்கே ஒரு பொட்டு விழுந்திருக்கும். மாடு வேலியின் ஓரிடத்தில் தலையைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்து, அது இளகுகிறது என்று கண்டுவிட்டால் அந்த இடத்தை மறப்பதில்லை. மறுநாளும் அங்கேதான் வரும். ஆகவே புதுக் கம்பிக்குப் பணம் தேடுமுன், இருக்கும் கம்பியை ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்திருப்பது நல்லது. இதற்கு ஒரு குறடும், ஒரு இரும்புத் துண்டும், ஒரு அலவாங்கும் போதும்.

பொருத்து ஏன் கழல்கிறது?

எமது பகுதிகளில் வழக்கமாகச் செய்வது இரண்டு வகை. ஒன்று, இரு நுனிகளையும் கொக்கிபோல் வளைத்து ஒன்றில் ஒன்றை மாட்டிவிடுவது. மாடு தள்ளும்போது கொக்கி நிமிர்ந்து வழுகிவிடும். மற்றது, இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிவிடுவது. இது பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் இங்கே இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சாய்வாகச் சுற்றிக் கிடக்கின்றனவே தவிர, எதுவும் எதையும் இறுகப் பிடிக்கவில்லை. இழுவை வந்தால் இரண்டும் நிமிரப் பார்க்கும். திருகாணி கழல்வதுபோல் மெல்ல மெல்லக் கழன்று வரும்.

நல்ல பொருத்தில் ஒரு கம்பி நேராக இருக்க, மற்றக் கம்பியின் நுனி அதனைக் குறுக்காக, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றியிருக்கும். இரு பக்கமும் இப்படிச் சுற்றப்பட்டால், இழுக்கும்போது அந்தச் சுற்றுக்கள் இன்னும் இறுகுமே தவிர இளகா. 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி இழுத்த தொழிலாளர்கள் கையாண்ட முறை இது. அமெரிக்காவின் வெஸ்டேர்ன் யூனியன் என்ற தந்திக் கம்பனியின் பெயரே இன்றும் இதற்கு வழங்குகிறது. காற்றிலும் மழையிலும் தொங்கிய தந்திக் கம்பியைத் தாங்கிய பொருத்து, எங்கள் வேலியையும் தாங்கும்.

பொருத்தும் விதம்

முதலில் கம்பியின் பருமனை அறிந்துகொள்ள வேண்டும். கடையில் சொல்லும் இலக்கம் கூடக் கூடக் கம்பி மெலியும். 14ஆம் இலக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், 12ஆம் இலக்கம் 2.6 மில்லிமீற்றர், 10ஆம் இலக்கம் 3.25 மில்லிமீற்றர். 12ஆம் இலக்கக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் செலவாகும். ஆறு சுற்றுக்கு 10 சென்ரிமீற்றர். பிடித்துச் சுற்றுவதற்கும் நீளம் தேவையாகையால் ஒவ்வொரு நுனியிலும் 20 சென்ரிமீற்றர் விட வேண்டும். நீளத்தில் சிக்கனம் பார்ப்பவர்தான் இரண்டு சுற்றோடு விட்டுவிடுகிறார்.

இரு கம்பிகளையும் குறுக்காக வைத்து, நடுவில் ஒன்றோடொன்று இரண்டு முறை தளர்வாக முறுக்கவும். பிறகு ஒரு நுனியைக் குறடால் செங்குத்தாக மடித்து, எதிர்க் கம்பியின் மேல் ஆறு சுற்று நெருக்கமாகச் சுற்றவும். மற்ற நுனியை மறுபக்கத்தில் அவ்வாறே சுற்றவும். நடு முறுக்கு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் சுற்றைத் தொடர வேண்டும். மாற்றிச் சுற்றினால் நடு முறுக்கு இளகிவிடும். மிஞ்சும் நுனியை ஒட்ட வெட்டி, கூர் வெளியே நிற்காதபடி குறடால் அமுக்கிவிடவும். நீட்டி நிற்கும் ஒரு நுனி பசுவின் மடியைக் கிழிக்கப் போதுமானது.

குறடால் மாத்திரம் சுற்றினால் சுற்று இறுகாது; கம்பியிலும் பல் பதிந்துவிடும். பல் பதிந்த இடத்தில் நாகப்பூச்சு உரிந்து கறள் ஏறுவதோடு, அந்த வடுவிலேயே பின்பு கம்பி முறியும். ஆகவே ஒரு சுற்றிரும்பு செய்துகொள்ளுங்கள். ஒரு சாண் நீளமான தட்டை இரும்பின் ஒரு முனையில் இரும்பு வாளால் சிறு வெட்டு ஒன்று போட்டு, அதிலிருந்து 1 சென்ரிமீற்றர் கீழே கம்பி நுழையக்கூடிய ஒரு துளை போடவும். நேர்க் கம்பி வெட்டில் இருக்க, சுற்றவேண்டிய நுனியைத் துளையில் விட்டு, இரும்பை நேர்க் கம்பியைச் சுற்றிச் சுழற்றினால் சுற்றுக்கள் தாமாகவே நெருங்கி விழும். சைக்கிள் திருத்தும் கடையில் இதனைச் செய்துவிடலாம். ஒருமுறை இதைப் பாவித்தவர் திரும்பக் குறடால் சுற்றமாட்டார்.

மேலே சொன்னது தளர்ந்து கிடக்கும் கம்பிக்கே பொருந்தும். இறுக்கி நின்ற கம்பி அறுந்தால் இரு நுனிகளும் பின்வாங்கிவிடும். எவ்வளவு இழுத்தாலும் ஒன்றோடொன்று தொடா. அவற்றைத் தொடவைக்க மல்லுக்கட்டாமல், அதே பருமனான ஒரு கம்பித் துண்டை இடையில் சேர்க்க வேண்டும். துண்டின் ஒரு முனையை ஒரு பக்கக் கம்பியோடு முன் சொன்னபடி பொருத்தவும். மறுபக்கக் கம்பியின் நுனியில் விரல் நுழையும் அளவில் ஒரு கண் வளைத்து, வாலை அதே கம்பியில் ஆறு சுற்றுச் சுற்றி மூடவும். துண்டின் மறுமுனையை அந்தக் கண்ணுக்குள்ளால் விட்டு, வந்த பக்கமாகவே திருப்பி இழுக்க வேண்டும். கண் ஒரு கப்பிபோல் உதவும். கையால் இழுத்துப் போதாவிட்டால், நுனியை அலவாங்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அலவாங்கின் கூரை நிலத்தில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்க்கலாம். தேவையான இறுக்கம் வந்ததும் மற்றவர் கண்ணடியில் கம்பியைக் குறடால் அழுத்திப் பிடிக்க, நுனியை அதே கம்பியில் சுற்றி முடிக்கலாம். இது இருவர் செய்யும் வேலை. தனியே செய்யப்போய்க் கம்பி கைநழுவி முகத்தில் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். சிறுவர்களைப் பக்கத்தில் விடக்கூடாது.

பொருத்து தூணோடு ஒட்டி வராமல் பார்க்கவும். தூணில் அடிக்கும் யூ ஆணிக்குள்ளால் பொருத்து நுழையாது. பின்பு ஒரு காலத்தில் வேலியை இழுத்து இறுக்க வேண்டி வந்தால் அது தடையாகும். இடைத் தூண்களில் யூ ஆணியை முற்றாக அறையாமல், கம்பி அசையக்கூடியதாக விட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். சீமைக்கிளுவை, பூவரசு போன்ற உயிர்க் கதியால்களில் நேரே ஆணி அடித்தால் சில வருடங்களில் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். இடையில் ஒரு மரச் சட்டம் வைத்து அடிப்பது நல்லது.

முட்கம்பியும் வலையும்

முட்கம்பி இரட்டைக் கம்பியாதலால், இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துப் பொருத்த வேண்டும். சுற்ற வேண்டிய நீளத்தில் உள்ள முட்களை மாத்திரம் முதலில் குறடால் கழற்றிவிட்டால் வேலை இலகு. கண் வைத்துப் பொருத்தும் முறையே முட்கம்பிக்கு ஏற்றது.

ஆட்டுக்குப் போடும் சாய்சதுரக் கண் வலையை இரண்டு சுருளாக வாங்கி, சந்திக்கும் இடத்தைக் கட்டுக்கம்பியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கட்டிவிடுவதையே எங்கும் காண்கிறோம். கட்டட வேலையில் கம்பி கட்டப் பாவிக்கும் அந்தக் கறுப்புக் கம்பிக்கு நாகப்பூச்சு இல்லை. ஓரிரு மாரியிலேயே கறள் தின்றுவிடும். வலையோ இன்னும் பல வருடம் நிற்கக்கூடியது. உண்மையில் இந்த வலைக்குக் கட்டே தேவையில்லை. உற்றுப் பார்த்தால் அது மேலிருந்து கீழாக ஓடும் நெளிகம்பிகள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு ஆனது என்பது விளங்கும். ஒரு சுருளின் கடைசி நெளிகம்பியின் மேல் கீழ் மடிப்புக்களை நிமிர்த்தி, திருகாணியைக் கழற்றுவதுபோல் திருகினால் அது முழுதாகக் கழன்று வரும். இரண்டு வலைகளையும் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கம்பியை மேலிருந்து இரண்டு ஓரங்களுக்குள்ளாலும் திருகிக்கொண்டு இறக்கினால் இரண்டும் ஒரே வலையாகிவிடும். பொருத்தை விரல் வைத்துத் தேடினாலும் காண முடியாது. சேர்க்கவேண்டிய இரண்டு ஓரங்களின் கண்களும் ஒரே உயரத்தில் வராவிட்டால், ஒரு பக்கத்தில் இன்னுமொரு நெளிகம்பியைக் கழற்றப் பொருந்திவிடும். கிழிந்த வலையின் நடுவில் புதுத் துண்டு வைப்பதற்கும் இதே வழிதான்.

நெடுக்கும் குறுக்குமாகச் சதுரக் கண்ணோடு பின்னிய வலையானால், இரண்டு வலைகளின் கடைசி நிலைக் கம்பிகளையும் ஒட்டி நிறுத்தி, நீட்டி நிற்கும் ஒவ்வொரு கிடைக் கம்பியையும் எதிரேயுள்ள கிடைக் கம்பியில் ஐந்து சுற்றாவது சுற்ற வேண்டும். நிறைய நேரம் பிடிக்கும். கொம்புள்ள ஆடு வைத்திருப்பவர்கள் அகலக் கண் வலையை வாங்கவே வேண்டாம்; தலையை விட்டு எடுக்க மாட்டாமல் ஆடு அங்கேயே நிற்கும்.

பொருத்தத் தகாத கம்பி

எல்லாக் கம்பியும் பொருத்துக்குத் தகுந்ததல்ல. கறள் பிடித்த கம்பியை ஒருமுறை மடித்து நிமிர்த்திப் பாருங்கள். மறுபடி மடிக்கும்போதே முறிந்தால் அதில் பொருத்துப் போடுவது வீண்வேலை. பொருத்து நிற்கும், அதன் பக்கத்தில் அறும். மடித்தால் வில்போல் திரும்பும் கடினமான உருக்குக் கம்பியும் உண்டு. அது நெருக்கிச் சுற்றினால் முறியும். அதில் இரண்டு கம்பியிலும் சற்றுப் பெரிய வளையம் எடுத்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து முடிச்சிடுவதே வழி. செப்புக் கம்பியால் எந்த வேலிக் கம்பியையும் கட்டக் கூடாது. ஈரம் பட்டால் செம்பு பக்கத்திலுள்ள நாகப்பூச்சை அரிக்கச் செய்யும். மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் உப்புக்காற்றும் சேர்வதால் இன்னும் விரைவாக அரிக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2009இல் போர் முடிந்த பின்னர் பழைய காவலரண்களின் முட்கம்பி எத்தனையோ வளவுகளுக்கு வேலியானது. நல்ல கம்பிதான். ஆனால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத இடத்தில், பற்றைக்குள் கிடக்கும் கம்பியை எக்காரணம் கொண்டும் இழுக்க வேண்டாம். மறுமுனை எதில் கட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வெட்டிய துண்டுகள்

எங்கள் வீட்டில் ஒரு கறவைப் பசு நின்றது. ஒரு நாள் திடீரெனப் பால் வற்றியது. தீன் எடுக்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முழங்கைகளை வெளியே விரித்தபடி நின்றது. பள்ளத்தில் இறங்க மறுத்தது. வயிற்றுப் பொருமல் என்று நினைத்துக் கைமருந்து கொடுத்தோம். மிருக வைத்தியர் வந்து பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. இறந்த பின் அறுத்துப் பார்த்ததில் இருதயத்தைச் சுற்றிய பை சீழ் கட்டியிருந்தது. அதில் இரண்டு அங்குல நீளக் கம்பித் துண்டு ஒன்று. ஒரு முனை குறடால் வெட்டிய சாய்வெட்டு. வேலியைக் கடைசியாகப் பொருத்தியவன் நான்தான்.

மாடு புல்லைத் தெரிந்து தின்பதில்லை. நாக்கால் வளைத்து வாரி விழுங்கும். விழுங்கிய கம்பி கனமாகையால் தேன்கூடுபோல் அறைகளுள்ள இரண்டாம் இரைப்பையில் தங்கும். அந்த இரைப்பை சுருங்கி விரியும்போது கூரான முனை அதன் சுவரைக் குத்தித் துளைக்கும். அதற்கு நேரே முன்னால் இருப்பது இருதயம். ஆடு உதட்டால் தெரிந்து மேய்வதால் அதற்கு இந்த ஆபத்துக் குறைவு.

இப்போது நான் கம்பி வேலைக்குப் போகும்போது ஒரு பால்மாப் பேணியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறேன். ஒரு பொருத்துக்கு இரண்டு வெட்டுத் துண்டுகள். முட்கம்பியானால் கழற்றிய முட்களையும் எண்ணிப் போடுவேன். ஆறு பொருத்துப் போட்டால் பேணியில் பன்னிரண்டு துண்டுகளாவது இருக்க வேண்டும். குறைந்தால், பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்லின் மேல் இழுத்துத் தேடுவேன். கணக்குச் சரியாக வந்த பிறகே மாட்டை அவிழ்ப்பது.