கேட்கும் தலைப்புகள்

தாராபுரத்தில் இருக்கும் என் சாச்சி மகளுக்குக் கண்பார்வை இல்லை. சென்ற வருடம் அவள் உயர்தரப் பரீட்சைக்குத் தயாரானபோது, தமிழ்ப் பாடக் குறிப்புகள் நாற்பது பக்கங்களை நான் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். தலைப்புகளைப் பெரிய, தடித்த எழுத்தில் நடுவே அமைத்து, பி.டி.எப். ஆக்கி அனுப்பினேன். மறுநாள் அழைத்தாள்.

“அணியிலக்கணம் எங்கே இருக்கிறது? ஒரு தலைப்புமே இல்லை என்கிறது. முதலிலிருந்து முழுவதையும் கேட்க வேண்டியிருக்கிறது.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகே விடயத்தைத் தேடிப் படித்தேன்.

அவள் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும். ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆனால், எழுத்துப் பெரிதாக இருப்பதால் மட்டும் அது தலைப்பென்று கணினிக்கு விளங்காது. ‘இது தலைப்பு, இது பந்தி, இது அட்டவணை’ என்று ஆவணத்துக்குள் குறியிட்டிருக்க வேண்டும். இவையே கட்டமைப்புக் குறிகள். கண்ணுக்குத் தெரியாதவை.

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நடத்துனர் ‘தாராபுரம்’, ‘பேசாலை’ என்று கூவாவிட்டால், பார்க்க முடியாதவர் எந்த இடத்தில் இறங்குவார்? நான் அனுப்பியது அப்படி ஒரு பஸ்தான்.

குறியிடுவது கடினமன்று. வேர்டில் தலைப்பைத் தெரிவுசெய்து, ஸ்டைல்ஸ் பகுதியில் ‘ஹெடிங் 1’ கொடுக்க வேண்டும். உபதலைப்புக்கு ‘ஹெடிங் 2’. படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும். அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த எண் எதற்குரியது என்று கேட்பவருக்குத் தெரியாது. பி.டி.எப். ஆகச் சேமிக்கும்போது, ‘ஒப்ஷன்ஸ்’ பகுதியில் கட்டமைப்புக் குறிகளுக்கான தெரிவில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பிரின்ட்’ வழியாக பி.டி.எப். ஆக்கினால் குறிகள் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறோம். திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் அவற்றையே வாசிக்கும். ஆகவே யுனிகோட்டில் எழுதுவதே முதற்படி. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். அதில் வாசிக்க எழுத்தே இருக்காது.

அணுகத்தக்க பி.டி.எப். எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2012இல் சர்வதேச நியமமே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தகவலைப் பெறும் வசதியும் அதில் ஓர் உரிமை.

குறிப்புகளைத் திருத்தி மீண்டும் அனுப்ப எனக்கு அரைமணி நேரம்கூடச் செல்லவில்லை. அன்றிரவே அவள் அழைத்து, உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டாள். தேடும் வேலை முடிந்து, படிக்கும் வேலை தொடங்கியிருந்தது.

தோழியரே, அடுத்த ஒப்படையைத் தட்டச்சுச் செய்யும்போது தலைப்பைத் தடிப்பாக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைத் தலைப்பென்று குறித்தும் விடுங்கள்.