ஹீட்டர் குளிர்ந்தால் என்ஜினைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறி இறங்கும் பழைய பிக்கப் வண்டிக்காரர்களிடம் இரண்டு புகார்களை அடிக்கடி கேட்கலாம். "மலை ஏறுனா வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்பது ஒன்று. "மேல போனா ஹீட்டர்ல சூடே வரமாட்டேங்குது" என்பது இன்னொன்று. முதல் புகாருக்கு ரேடியேட்டர் கடை, இரண்டாவதற்கு ஏ.சி. மெக்கானிக் என்று தனித்தனியாக அலைகிறார்கள். ஒரே வண்டியில் இரண்டும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே தண்ணீர் குறைந்திருக்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம்.

வண்டி ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் காயிலுக்கு வருகிறது. அந்தக் காயில் ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் மேல் ப்ளோயர் காற்றை அடித்தால் கேபினுக்குள் சூடு வரும். பல வண்டிகளில் இந்தக் காயில் சற்று உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் காற்று போய்த் தங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும். மீட்டர் முள் மேலே, ஹீட்டர் காற்று சில்லென்று என்றால் வண்டியை உடனே ஓரம்கட்டுங்கள். அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்று நினைக்கவேண்டாம்.

நிறுத்தியதும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மூடியின் வேலை பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலைதான், அழுத்தத்தைப் பிடித்துவைத்து கொதிநிலையை உயர்த்துவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். 0.9 என்று அச்சிட்ட நல்ல மூடி போட்டிருந்தால் அதே தண்ணீர் சுமார் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கொதிக்கக் காத்திருக்கும் அந்தத் தண்ணீரின் மேல் இருக்கும் அழுத்தத்தை நீங்கள் ஒரு திருகலில் விடுவித்தால், நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். வண்டி ஆற, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் போதாது. மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள். பிறகு தடித்த துணியைப் போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, மீதி அழுத்தம் போனபின் திறங்கள். வற்றிக் காய்ந்த என்ஜினில் ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். அதற்கும் ஆறவிடுவதே வழி.

இனி பழுது பார்ப்பதற்கு வருவோம். எப்போது ஹீட் ஆகிறது என்ற கேள்விக்கு ஓட்டுநர் சரியான பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்து, கழற்றி எறியப்பட்டிருக்கலாம். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பிசுபிசுப்பான சிலிகான் எண்ணெயால் இயங்கும் கிளட்ச் பொருத்திய ஃபேன் என்றால், அந்த எண்ணெய் கசிந்துபோயிருக்கலாம். அதனால் என்ஜின் சூடான பிறகும் ஃபேன் மெதுவாகவே சுற்றும்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உள்ளே உறிஞ்சப்பட்டுச் சப்பியிருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம். மலைப்பாதை இந்த இரண்டு சோதனைகளையும் ஒன்றாக வைக்கிறது. முதல், இரண்டாம் கியரில் சுமையோடு ஏறும்போது என்ஜின் கக்கும் சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சமவெளியில் வெளியே தெரியாத கோளாறு கொண்டை ஊசி வளைவில் தெரிவது இதனால்தான்.

இறக்கத்தில் கதை தலைகீழ். குறைந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்போது டீசல் மிகக் குறைவாகவே எரிகிறது. சூடு உண்டாவதும் குறைவு. அப்போது மீட்டர் முள் அடிமட்டத்துக்கே இறங்கி, ஹீட்டரும் அணைந்ததுபோல் ஆனால், தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. வண்டி ஹீட் ஆகிறது என்றதும், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அது தண்ணீரைத் தடுக்கிற அடைப்பு என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் அது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும். 82 டிகிரி போல ஒரு சூட்டில் மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். பல என்ஜின்களில் இதன் அடியில் இன்னொரு தட்டும் உண்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். வால்வை மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸை மூட ஆள் இல்லை. சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினுக்குள் திரும்பிவிடும். ஹீட் ஆகக் கூடாதென்று செய்த வேலையே மலை ஏற்றத்தில் ஹீட் ஆகக் காரணமாகிறது. குளிர்காலத்திலோ என்ஜின் சூடேறவே நேரமாகும், டீசல் முழுதாக எரியாது, சிலிண்டர் தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும், ஹீட்டர் வேலை செய்யாது.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று பார்க்க அடுப்பு ஒன்று போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். தண்ணீர் சூடேறும்போது வால்வையே கவனியுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியை ஒட்டி நடுத்தட்டு மெல்ல விலகத் தொடங்கும். தண்ணீர் கொதிநிலையை நெருங்குவதற்குள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இடைவெளி விழும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் முழுதாக மூடிக்கொள்ளும். திறக்கவில்லை, மூடவில்லை, பாதியில் நிற்கிறது என்றால் மாற்றுங்கள். அதே டிகிரி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

ஹீட்டர் மட்டும் தகராறு, என்ஜின் சூடு சரியாக இருக்கிறது என்றால் பானட்டைத் திறந்து, கேபின் தகட்டுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. இரண்டுமே சூடாக இருந்தால் தண்ணீர் வந்து போகிறது. உள்ளே காற்றைத் திருப்பும் கதவோ, அதன் கேபிளோ, ப்ளோயரோதான் பழுது. ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு மூடியே நிற்கிறது. வால்வுக்கு முன்னும் பின்னும் தொட்டால் எது என்று தெரிந்துவிடும். சமவெளியில் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகிவிடுவது சகஜம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் குறைவு, அல்லது உள்ளே காற்று சிக்கி வழியை அடைக்கிற ஏர் லாக். செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் முதலில் அந்த ஹோஸ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காயில் ஒழுகியபோது அதை விட்டுவிட்டு, இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஒழுகும் காயிலுக்கு அடையாளம், காலடி விரிப்பில் ஈரம், கேபினில் இனிப்பு வாடை, கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் திரும்பப் படரும் பிசுக்கு.

ஏர் லாக் எடுக்க, குளிர்ந்த வண்டியை முகப்பு மேடு பார்க்க நிறுத்துங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து நிரப்பி, என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். குமிழிகள் நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். காற்று வெளியேற்றத் தனித் திருகு இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். குமிழிகள் நிற்கவே இல்லையா? குளிர்ந்த என்ஜினை எடுத்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே வண்டி தண்ணீர் குடிக்கிறதா? இவை ஹெட் கேஸ்கட் போனதன் அறிகுறிகள். ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது.

ஊற்றுவது எது என்பதும் முக்கியம். போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்டைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறையாமலும் காக்கும். அது இனிப்பாக இருக்கும் விஷம். கீழே சிந்தியதைக் குழந்தையோ நாயோ நெருங்குவதற்குள் கழுவிவிடுங்கள். ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடுகிற பழக்கத்தை அவசரத்துக்கு, வீடு வந்து சேரும்வரை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அதைக் கழுவி எடுக்காமல் விட்டால் குறுகலான ஹீட்டர் காயிலில் போய் அடைத்துக்கொள்ளும்.

பார்க்கும் வரிசை விலை குறைந்ததிலிருந்து தொடங்கட்டும்: தண்ணீர் மட்டம், மூடியின் ரப்பர், ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட். இவற்றை முடித்த பிறகே ரேடியேட்டர், பம்ப், ஹெட். பெரிய செலவில் கைவைக்கும் முன் முந்நூறு, நானூறு ரூபாய் மூடி ஒன்றை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மலைப்பாதையில் ஹீட்டர் சொகுசுக்காக இருப்பதல்ல. பனிமூட்டத்தில் கண்ணாடியைத் தெளியவைப்பது அதுதான், ஏற்றத்தில் முள் உயர்ந்தால் முழுச் சூட்டில் திறந்துவிட்டு என்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுப்பதும் அதுதான். வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்முன், "தெர்மோஸ்டாட் உள்ள இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.