முன்சில்லு இயக்கமும் கடற்கரை மணலும்

எருது முன்னின்று வண்டியை இழுக்கின்றது. மோட்டார் வண்டியோ நெடுங்காலம் பின்சில்லுகளால் உந்தப்பட்டே ஓடிற்று. முன்சில்லுகளே வண்டியை இழுக்கும் முறை 1934இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோயன் வண்டியாற் புகழ்பெற்றது. 1959இல் அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி வண்டி, எஞ்சினைக் குறுக்காகக் கிடத்திச் சிறிய உடலில் நால்வர்க்கு இடமளித்தது. 1983இல் இந்தியாவில் தோன்றிய மாருதி 800உம், இன்று மட்டக்களப்புத் தெருக்களிற் காணப்படும் சுசுக்கி ஆல்ட்டோவும் இவ்வழி வந்தனவே.

2020 மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுதல் பல குடும்பங்களுக்கு இன்றியமையாத கடமையாயிற்று. ஆதலின், இவ்வண்டிகளின் இயக்க உறுப்புகள் எவ்வாறு பழுதுறுகின்றன என அறிதல் பயனுடைத்து.

முன்சில்லுக்கு இரு தொழில்கள் உள: வண்டியை இழுத்தல் ஒன்று, திசை திரும்புதல் மற்றொன்று. ஆகவே, சில்லைச் சுழற்றும் தண்டு வளைந்த நிலையிலும் சீராகச் சுழலல் வேண்டும். சாதாரண ஊக்கு மூட்டு 30 பாகை வளைந்தால், அதன் வெளித்தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறியிறங்கும். இக்குறையை நீக்கும் மூட்டொன்றை 1920களில் அல்பிரட் செப்பா என்னும் பொறியியலாளர் அமைத்தார். அதனுள் ஆறு உருக்குக் குண்டுகள், இரு தண்டுகளுக்கும் இடையேயுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் எப்போதும் நிற்கின்றன; அதனால் வேகம் மாறுவதில்லை.

இம்மூட்டின் உயிர் கிரீஸ். அதன் காவல் இரப்பர் உறை. ‘பூட்’ என வழங்கும் அவ்வுறை கிழிந்தால், சுழற்சியால் கிரீஸ் வெளியே வீசப்படும். பாசிக்குடா, கல்குடாக் கரையோரத்தின் நுண்மணலும் உப்பு நீரும் உட்புகும். குண்டுகளும் அவை உருளும் தடங்களும் தேயும். முற்றாகத் திருப்பி ஓட்டும்போது ‘டக், டக்’ என்னும் ஒலி எழுமாயின், நோய் முற்றிவிட்டது என்பது பொருள். உறையை வேளைக்கு மாற்றுதல் சிறுசெலவு. தண்டையே மாற்றுதல் பெருஞ்செலவு.

மணலிற் புதைந்த வண்டியை மேலும் மேலும் விசைப்பதால் வரும் கேடு வேறு. டிபரன்சியல் இரு சில்லுகளுக்கும் ஏறத்தாழ ஒத்த முறுக்குவிசையையே பகிரும். ஒரு சில்லு வழுக்கினால், மற்றதற்கும் அச்சிறு விசையே கிட்டும். நிற்கும் சில்லு அசையாதிருக்க, வழுக்கும் சில்லு இருமடங்கு வேகம் கொள்ளும். உள்ளேயுள்ள சிறு பற்சில்லுகள் தம் ஊசித்தண்டிலே உராய்ந்து தேயும்; அரைக் கிளச்சில் நிறுத்தினால் கிளச்சுத் தட்டும் கருகும். சுழலும் சில்லு திடீரெனப் பிடிகொள்ளும் கணத்திலோ, அதிர்ச்சி முழுவதும் மூட்டைத் தாக்கும்.

இதற்கு மாற்றம் செய்ய விழைவோர் பலர். பெரிய ரயர் பூட்டினால் வண்டி சிறிது உயரும். ஆயின் ஆரை பெருகுவதால் கிளச்சின் சுமையும் பெருகும். சுருள்வில்லின்மேல் கட்டை வைத்து உயர்த்தினால், நேர்பாதையிலும் தண்டுகள் சாய்ந்தே சுழன்று மூட்டும் உறையும் விரைவில் தேயும். டிபரன்சியலை ஒட்டவைத்தல் தவறே; திருப்பத்தில் இரு சில்லுகளும் வேறுபட்ட தூரம் ஓடவேண்டியிருக்க, அவற்றை ஒன்றாய்ப் பிணைத்தல் ரயரையும் மூட்டையும் வருத்தும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்சியல் பொருத்தமான தீர்வேயாயினும், சிறுவண்டிக்கு அதன் விலை மிகையாகும்.

எளிய வழிகளே சிறந்தன. மணலில் ரயர்க் காற்றைக் குறைத்து, தார்ச்சாலை சேர்ந்ததும் நிரப்புக. ஸ்ரியரிங்கை நேராக வைத்து மெதுவாகவே விசை கொடுக்க. ஏற்றத்தில் வழுக்கினால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுக. சரிவு முன்சில்லுகளின்மேற் பாரத்தைச் சேர்க்கும். கடற்கரையினின்று மீண்டதும் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுக. 2011 சனவரி வெள்ளம் போன்ற காலங்களில் வண்டி நீரில் மூழ்கியிருந்தால், கியர் எண்ணெயில் நீர் கலந்து பால்நிறமாகியதா எனப் பார்த்து மாற்றுக.

பொறியின் இயல்பறிந்து அதற்கிசைய நடத்தல், அதனை மாற்றியமைப்பதினும் நன்று. உறையொன்றைக் காலத்தே நோக்கும் கண்ணும், விசையைத் தளர்த்தும் காலும் உடையார்க்கு வண்டி நெடுநாள் உழைக்கும்.