குட்டி யானைக்கு எந்தத் தீனி?

ஹைதராபாத்தில் ‘சோட்டா ஹாத்தி’, நம் ஊரில் ‘குட்டி யானை’. 2005-இல் இந்தச் சிறு சரக்கு வண்டி, டாடா ஏஸ், வந்தபோது 702 சிசி இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்றுதான். வாங்குபவருக்குக் குழப்பமே இல்லை. இன்று ஹைதராபாத்தின் போயன்பள்ளி காய்கறிச் சந்தையில் லோடு அடிக்கப் பழைய வண்டி தேடுபவர் முன் டீசல், பெட்ரோல், சிஎன்ஜி மூன்றும் வந்து நிற்கின்றன. எல்லோரும் எடுத்த எடுப்பில் மைலேஜைக் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: என் வண்டி தினமும் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடப்போகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு. டீசல் லிட்டர் 96 ரூபாய், மைலேஜ் 20. பெட்ரோல் 107 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு டீசலில் மிச்சம் இரண்டு ரூபாய்க்கும் குறைவு. மாதம் 25 நாள், தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 1,900 ரூபாய் மிஞ்சும். டீசல் வண்டிக்கு 80,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை எடுக்கவே மூன்றரை வருடம் ஆகும். தினம் 150 கிலோமீட்டர் ஓடுபவருக்கோ ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடும். ஆக, டீசல் லாபமா என்பதை ஓட்டம்தான் முடிவு செய்கிறது.

வேகமும் கணக்கில் வரும். 2020 ஏப்ரல் முதல் அமலான பிஎஸ்-6 விதிக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி சூடேறிச் சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோட்டில் அது தானாக நடந்துவிடும். பேகம் பஜார் சந்துகளில் கடைக்குக் கடை நின்று போகும் வண்டியில் கரி எரிய வழியின்றி அடைத்துக்கொள்ளும். சேமித்த டீசல் காசு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்.

‘அப்படியானால் டிபிஎஃப் இல்லாத பிஎஸ்-4 டீசலை வாங்கலாமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வண்டிகளுக்கு வயது ஆறு கடந்துவிட்டது. எட்டு வயதானால் சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். ‘லோடு ஏற்றினால் பெட்ரோல் இழுக்காது’ என்பது இன்னொரு வாதம். குறைந்த சுழற்சியிலேயே டீசல் நன்றாக இழுக்கும் என்பது உண்மை. கம்பியும் சிமெண்டும் ஏற்றுபவருக்கு அது தேவை. கீரைக்கட்டு ஏற்றுபவருக்கு எதற்கு? இதே வகைச் சிறு சரக்கு வண்டியான மாருதி சூப்பர் கேரி 2020-இல் டீசலைக் கைவிட்டு, பெட்ரோல், சிஎன்ஜியோடு மட்டும் இன்றும் விற்கிறது.

நகருக்குள் ஓட்டுபவருக்குச் சிஎன்ஜி நல்ல நடுவழி: டீசலின் சிக்கனம் ஓரளவு கிடைக்கும், டிபிஎஃப் தொல்லை இல்லை. இழுவை சற்றுக் குறையும், பங்க்கில் வரிசையில் நிற்க நேரும். பழையதாக வாங்கினால், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனை முடிந்திருக்கிறதா, ஆர்சி புத்தகத்தில் சிஎன்ஜி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வண்டி பார்க்கப் போகுமுன் ஒரு வார டிரிப்புகளைத் தாளில் எழுதிப் பார்த்தால் போதும். எந்த இன்ஜின் என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கும்.