ராட்டர்டாம் அடித்த அடி

டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோ ஐரோப்பாவுக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். நெதர்லாந்தின் துறைமுக நகரமான ராட்டர்டாமுக்கு வந்ததும் அது வெறிகொண்டது. அப்படி உருவானதுதான் காபர்.

1940 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமின் நடுப்பகுதியைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. போருக்குப் பிறகு கான்கிரீட்டும் கிரேன்களுமாக எழுந்த அந்த ஊர் உழைப்பாளிகளின் ஊர். கலைக்கும் நாகரிகத்துக்கும் ஆம்ஸ்டர்டாம்தான் என்று பேச்சு. அந்த ஆத்திரம் ராட்டர்டாம் பையன்களிடம் இருந்தது. 1992-ல் டிஜே பால் எல்ஸ்டாக் தொடங்கிய ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ் முதன்முதலில் வெளியிட்ட இசைத்தட்டே ஆம்ஸ்டர்டாமை வம்புக்கு இழுத்தது. ‘ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே இருக்கு?’ என்பதுதான் பாட்டின் தலைப்பு!

காபரின் உயிர் அதன் கிக் டிரம். ரோலண்ட் 909 டிரம் மெஷினின் ‘தும்’ ஓசையை, மிக்சர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். ஒலி அலையின் உச்சிகள் நறுக்கப்பட்டு, ஓசை கரகரத்துப் பிளக்கும். அடி விழுந்த பிறகும் அதன் வால் ஒரு சுரத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சுரத்தை ஏற்றி இறக்கினால் தாளமே மெட்டாகிவிடும். நிமிடத்துக்கு 160, 180 அடிகள். வெறும் இரைச்சல் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இசைக்கூடத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகள், கைக்குக் கிடைத்த கருவியை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளிக் கண்டெடுத்த ஒலி இது.

ராட்டர்டாமின் பார்க்ஸிக்ட் கிளப்பில் இந்த ஒலி வளர்ந்தது. 1992 அக்டோபரில், ஹேரன்வேன் ஊரின் தியால்ஃப் பனிச்சறுக்கு அரங்கில் முதல் தண்டர்டோம் விழா நடந்தது. மொட்டைத்தலை, ‘ஆஸ்ட்ரேலியன்’ டிராக்சூட், காலில் நைக்கி ஏர் மேக்ஸ். இடுப்புக்குக் கீழே மட்டும் மின்னல் வேகத்தில் இயங்கும் ‘ஹாக்கன்’ ஆட்டம். மேல்தட்டு கிளப்புகள் ஏளனமாகப் பார்த்த பிள்ளைகள், இங்கே ஆயிரக்கணக்கில் ஒன்றாக நின்றார்கள்.

மொட்டைத்தலைக் கூட்டத்தில் இனவெறியர்களும் சிலர் புகுந்தார்கள். பத்திரிகைகள் எல்லோர் மீதும் அந்த முத்திரையைக் குத்தின. இசைத்தட்டுகளிலேயே இனவெறிக்கு எதிரான வாசகங்களை அச்சிட்டு இசைக் கலைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தத் துணிச்சலுக்கு உரிய இடம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் காபரைச் சாய்த்தது அந்தப் பழி அல்ல, புகழ். 1995-ல் எல்ஸ்டாக்கே ‘லவ் யூ மோர்’, ‘ரெயின்போ இன் தி ஸ்கை’ என்று இனிய மெட்டுகளோடு ஹேப்பி ஹார்ட்கோருக்கு வந்தார். பாட்டுகள் டச்சுத் தரவரிசையில் மேலே ஏறின. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்க மகிழ்ச்சியான பாட்டுகள்தான். ஆனால் பின்னாலேயே பள்ளிச் சிறுவர்களுக்கான நகல்கள் குவிந்தன. அடுத்து, ‘காபர் பீட்’ என்ற பெயரில் வந்த கேலிப்பாட்டு பெரிய ஹிட் ஆனது. நேற்றுவரை ஊரே அஞ்சிய டிராக்சூட், நகைச்சுவை வேடமானது. அந்த அவமானத்தைப் பொறுக்காமல் பழைய ரசிகர்கள் தலைமுடியை வளர்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். பிடிவாதமாக நின்றவர்கள் 200 அடிகளையும் தாண்டி விரட்டினார்கள். அந்த வேகத்தில் ஆட முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பத்தாண்டு முடியும்போது வேகம் குறைந்த இன்னோர் இசை காபரின் கிக்கை எடுத்துக்கொண்டு அதே அரங்குகளைப் பிடித்தது. ஹார்ட்ஸ்டைல் என்ற அந்த வாரிசைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)