மரணசாசனம் எழுதியாயிற்று, அது எங்கே இருக்கிறது?

இடப்பெயர்வுகளின்போது எமது சனம் முதலில் தூக்கியது உறுதிப் பையைத்தான். நகைகூட அதற்குப் பிறகுதான். அந்தப் பைகளில் எத்தனையோ 2009இல் வன்னியில் தறப்பாள் கூடாரங்களோடு போய்விட்டன. காணி உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். மரணசாசனத்தின் கதை வேறு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை, காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் அது ஏறாது. அந்தப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு இப்படியொரு ஆவணம் இருப்பதே தெரியவராது.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், கடைசிவரை தன்னைப் பார்த்த மகளுக்கு வீட்டை எழுதியிருந்தார். "எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன் பிள்ளை" என்பார். எந்த நொத்தாரிசிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொத்துக்கு அலைகிறாள் என்பார்களோ என்ற கூச்சம். அவர் இறந்தபின் வெளிநாட்டுச் சகோதரர்கள் சமபங்கு கேட்டார்கள். மரணசாசனம் இல்லையென்றால் அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்த நொத்தாரிசும் காலமாகிவிட்டிருந்தார். இறந்த நொத்தாரிசின் மூலப்பிரதிகளைக் காணிப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மாதக்கணக்கில் அலைந்த பிறகு அங்கேதான் அது கிடைத்தது. அதற்கிடையில் சகோதரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே நொத்தாரிசின் பெயர், ஊர், ஆவணத்தின் இலக்கம், திகதி ஆகிய நான்கையும் ஒரு துண்டில் எழுதி, நம்பிக்கையான இருவரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பது நல்லது. இன்னொரு இடப்பெயர்வு வந்தாலும் அந்தத் துண்டு தப்பும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. கைபேசியில் எடுத்த படம் தேடுவதற்கு உதவும், ஆனால் நீதிமன்றில் மூலத்தின் இடத்தை அது பிடிக்காது. மூலத்தைக் கறையானும் மழையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எழுதும் முறையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்தது. ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லாதபோது ஐந்து சாட்சிகள் என்ற வழியையும் அச்சட்டம் வைத்தது. அந்த ஐந்து பேரும் பிறகு எந்த நாட்டில் இருப்பார்கள் என்று எமது ஊர்களில் யாரால் சொல்லமுடியும்? நொத்தாரிசிடமே போங்கள். பங்கு பெறுகிறவரையோ அவருடைய கணவன் அல்லது மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். எழுதியபின் கலியாணம் செய்தால் பழைய மரணசாசனம் இரத்தாகிவிடும், புதிதாக எழுதவேண்டும்.

இறந்தபின் அதைக் கையில் வைத்திருப்பவர் காலம் தாழ்த்தாமல் மாவட்ட நீதிமன்றில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பிடிக்காத மரணசாசனத்தை அலுமாரிக்குள் பூட்டி வைக்க எந்தப் பிள்ளைக்கும் உரிமையில்லை. நிறைவேற்றுபவராக ஒருவரைப் பெயர் குறிப்பிடுவதோடு, அவருக்கு இயலாவிட்டால் யார் என்றும் எழுதுங்கள். கனடாவிலுள்ள மகனை மட்டும் போட்டால் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அற்றோர்ணித் தத்துவம் தேடி ஓடவேண்டிவரும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் நான் அடிக்கடி காணும் குழப்பம் அனுமதிப்பத்திரக் காணி பற்றியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த காணியை, உறுதிக்காணி போல் நினைத்தவருக்கெல்லாம் எழுதிவிட முடியாது. சட்டம் அனுமதிக்கும் உறவினருள் ஒருவரைப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதியவேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பதிந்த பின்னுரித்தாளர் போரில் இறந்திருந்தால், அந்தப் பெயர் இன்னும் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக் கணக்கிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் எப்போதோ எழுதிக்கொடுத்த பெயர்களுக்கும் இதே சோதனை வேண்டும்.

மரணசாசனம் எழுதிவைத்தவரே காணாமற்போயிருந்தால்? அதை நிறைவேற்ற இறப்பு நிரூபிக்கப்படவேண்டும். 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. அதை வாங்க மறுத்த குடும்பங்களின் மனம் எமக்குத் தெரியும். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்ததாகச் சொல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி வந்தது. சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவலாம். மரணசாசனப்படி பங்கிட அது போதாது. ஒரு தாய் அந்த இறப்புச் சான்றிதழில் கையொப்பமிடாமல் இருந்தால், காணி எழுதாமல் கிடக்கிறது என்று அவரை யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.