பவுசர்: அளந்து கொடுத்த ஒரு பம்பின் வரலாறு

2022-ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றியபோது, அந்நாட்டுத் தமிழ் நாளேடுகளில் ‘பவுசர்’ என்ற சொல் ஓயாமல் அடிபட்டது. பவுசர் வந்தது, பவுசர் வரவில்லை என்பதே மக்களின் பேச்சாக இருந்தது. இரயில்வே வேலைக்கென யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்றும் உளர். உறவினர் கடிதங்களாலும் பேச்சாலும் அவர்களுக்கு இச்சொல் பழக்கமானதே. தமிழகத்து வழியினருக்கோ இது விளங்காச் சொல். எண்ணெய் ஏற்றிச் செல்லும் டாங்கி லோரியைத்தான் ஈழத்தார் பவுசர் என்கின்றனர். நம் ‘பவுசு’க்கும் இதற்கும் உறவுண்டோ என்று ஐயுற வேண்டா. இஃது ஓர் அமெரிக்கரின் குடும்பப் பெயர். அவர் செய்தது லோரியும் அன்று, பம்பு.

சில்வானஸ் பவுசர் என்னும் அவர், இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரத்தவர். அங்கிருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு 1885-ஆம் ஆண்டில் தம் முதற் பம்பை விற்றார். அப்போது மோட்டார் வண்டி வழக்கிற்கு வரவில்லை. விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காகவே அது செய்யப்பட்டது. அக்கடையில் எண்ணெய்ப் பீப்பாய் ஒழுகி, அருகிலிருந்த வெண்ணெயும் நாற்றம் பிடித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒரு பீப்பாய் எண்ணெய் கொள்ளும் கலம், மரத்தாலான உந்துதண்டு, சலவைக்கல் வால்வுகள், மேலே ஒரு கைப்பிடி: கருவி இவ்வளவே.

இதில் என்ன புதுமை? நீரிறைக்கும் பம்பு உலகம் அறிந்ததுதானே! எண்ணெயை மேலே கொணர்வதோடு அதனை அளந்தும் கொடுக்கும் வழியில் இப்பம்பு வளர்ந்தது என்பதே சிறப்பு. நம் ஊர்களில் பாலையும் எண்ணெயையும் உழக்காலும் படியாலும் அளந்தோம். அளக்கிறவர் கை சற்றே சாய்ந்தால் வாங்குபவருக்கு இழப்பு. நுரையும் ஓர் அளவாகிவிடும்! உந்துதண்டு ஓடும் உருளையின் அகலமும் தண்டு நகரும் தொலைவும் மாறாதிருந்தால், ஒவ்வொரு இழுப்பிலும் வெளிவரும் எண்ணெயும் மாறாது. எனவே, படியை வணிகர் கையிலிருந்து எடுத்து, இயந்திரத்தின் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டியது போலாயிற்று. பவுசர் கம்பெனி விற்ற பொருள் பம்பு எனினும், உண்மையில் அது விற்றது அளவைப் பற்றிய நம்பிக்கையே என்பது என் கருத்து.

மோட்டார் வண்டிகள் பெருகியதும் இக்கம்பெனிக்கு நற்காலம் பிறந்தது. அதுவரை பெட்ரோலைத் தகரங்களில் வாங்கிப் புனல் வைத்து ஊற்றினர். 1905-ஆம் ஆண்டில் பவுசர் வெளியிட்ட பம்பில், மரப் பெட்டிக்குள் ஐம்பது காலன் கொள்ளும் உலோகத் தொட்டி இருந்தது. வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தும் தடைகளும், வண்டிக்குள் நேரே எண்ணெய் விடும் குழாயும் அதில் அமைந்தன. அதே சிறு நகரில் வெய்ன், டோக்ஹைம் என வேறிரு கம்பெனிகளும் பம்பு செய்தன. தொழில் ஓரூரில் வேர்கொண்டால் அண்டைவீட்டாரும் அதனைக் கற்பது எங்கும் காணும் இயல்பே.

ஆயினும் வாங்குவோர் ஐயம் தீரவில்லை. இரும்புக்குள் நடப்பதை யார் கண்டார்? ஆகவே பம்பின் உச்சியில் கண்ணாடி உருளையை வைத்து, அளவுக்கோடுகள் இட்டு, எண்ணெய் ஏறுவதைக் கண்ணாரக் காட்டினர். பின்னர் மீட்டர் வந்து கண்ணாடியை ஒழித்தது. மீட்டருக்குள் சிறு அறைகள் நிறைந்தும் ஒழிந்தும் சுழல, அச்சுழற்சி எண்ணப்படுகிறது. 1930-களில் விலையையும் பம்பே கணக்கிட்டுக் காட்டலாயிற்று. இன்று எண்கள் மின்னணுவால் ஒளிர்ந்தாலும், அறை நிறைவதை எண்ணும் அப்பழைய முறை மறையவில்லை.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் நாம் நிற்கும் எண்ணெய் நிலையங்களிலும் இதே சிக்கல்தான்; லிட்டர் சரிதானா என்பதை வண்டிக்காரர் தாமே சோதிக்க இயலாது. அதனால் அந்தப் பொறுப்பு அரசினுடையதாயிற்று. 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி, வாணிகத்திற்கான அளவுகருவிகள் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும். அளவு தெரிந்த கலத்தில் எண்ணெயை ஊற்றிப் பார்ப்பதே சோதனை. ஆக, பழைய படி இன்னும் வேலையிலிருக்கிறது.

வெய்ன், டோக்ஹைம் ஆகிய இரண்டையும் 2016-ஆம் ஆண்டில் டோவர் என்னும் அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. பவுசர் கம்பெனியோ அதற்கு நெடுநாள் முன்பே இத்தொழிலிலிருந்து மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது பெட்ரோல் பம்பையே குறிக்கும். பிரிட்டிஷ் விமானப் படையினர் விமானங்களுக்கு எண்ணெய் ஊட்டும் லோரியை அப்பெயரால் அழைத்தனர்; பிறகு தண்ணீர் வண்டிக்கும் அப்பெயர் ஏறியது. அளப்பதற்கென்று பிறந்த பெயர், இலங்கையில் சுமப்பதற்கு ஆகிவிட்டது!

மலேசியத் தமிழர் வாயில் இப்பெயர் நுழையவில்லை. நாம் பெட்ரோலை ‘எண்ணெய்’ என்றே சொல்கிறோம். எள் + நெய் என்று பிரித்துக் காட்டும் ஆசிரியர், பெட்ரோலில் எள் எங்கே என்று மாணவரைத் திருத்தப் புகலாம். அது தேவையில்லை. தேங்காயெண்ணெயில் மட்டும் எள் இருக்கிறதா? மண்ணெண்ணெயை மலாய்க்காரரும் ‘மின்யாக் தானா’, அதாவது மண்ணின் எண்ணெய் என்றே வழங்குகின்றனர்.